முக்கோணி மூலகம் ஏன் விறைக்கிறது, அதை எப்படிச் சரிசெய்வது: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளும் திணைக்களங்களில் வேலை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் கணினியில் ஒரு கட்டமைப்பைப் பரிசோதிக்கத் தொடங்கும்போது முதலில் கையில் அகப்படுவது மூன்று கணு முக்கோணிதான்: கட்டமைப்பைச் சிறு துண்டுகளாக (மூலகங்களாக) வெட்டி, துண்டுகள் சந்திக்கும் புள்ளிகளின் (கணுக்களின்) அசைவைக் கணக்கிடும் முறையில் மிக எளிய துண்டு இது. குளத்தின் வான் சுவர் (மிகைநீர் வழியும் சுவர்), வாய்க்கால் மதகு, துருசுக் கதவு, எதுவானாலும் வெளிக்கோட்டை வரைந்து கொடுத்தால் மென்பொருள் தானே முக்கோணிகளால் நிரப்பித் தந்துவிடும். நிறம் நிறமாகப் படமும் வரும், பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அந்தப் படத்துக்குப் பின்னால் உள்ள எண்கள் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவானவை. சுவர் வளைவதைவிடக் குறைவாக வளைகிறது என்றும், தகைப்பு, அதாவது பரப்பலகுக்கு வரும் விசை, வருவதைவிடக் குறைவாக வருகிறது என்றும் அது சொல்லும். இதைத்தான் மூலகம் விறைக்கிறது என்கிறோம். பிழை ஆபத்தான பக்கமாகச் சாய்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முக்கோணியில் குற்றம் இல்லை. 1943 இல் ரிச்சர்ட் கூரான்ட் முறுக்கக் கணக்கு ஒன்றை முக்கோணிகளாகப் பிரித்துத் தீர்த்துக் காட்டினார். 1956 இல் டேர்னர், கிளஃப், மார்டின், டொப் ஆகிய நால்வரும் விமானக் கட்டமைப்புக்காக எழுதிய கட்டுரையில் இதே மூன்று கணு முக்கோணி வருகிறது. இந்த முறைக்கு ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரை 1960 இல் ரே கிளஃப் வைத்தார், அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள்ளேயே அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வெடிப்பு விழுந்த நோர்ஃபோர்க் அணையை முக்கோணிகளால் ஆராய்ந்தார்கள். ஆகவே இரணைமடுக் குளத்தையும் முத்தையன்கட்டுக் குளத்தையும் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு இது அந்நியமான கணக்கு அல்ல.

தேவையானவை மூன்று: மெஷ் (முக்கோணி வலை) போட ஜிமெஷ், கணக்குத் தீர்க்கக் கல்குலிக்ஸ், சொந்தமாக எழுதிப் பார்க்கப் பைதன். மூன்றும் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம்.

முதல் படி: ஒரு முக்கோணியைக் கையால் செய்யுங்கள்

மென்பொருளைத் திறக்குமுன் தாளில் ஒரு முக்கோணி வரையுங்கள். மூன்று மூலையிலும் மூன்று கணு, ஒவ்வொரு கணுவுக்கும் கிடையாக ஒன்று, நிலைக்குத்தாக ஒன்று என இரண்டு இடப்பெயர்ச்சி. மூன்று பெறுமானம் தெரிந்தால் அவற்றுக்கூடாக ஒரே ஒரு சாய்தளம்தான் போகும், சாய்தளத்தின் சாய்வு எங்கும் ஒன்றே. விகாரம் என்பது அந்தச் சாய்வுதான். ஆகவே முக்கோணி எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் விகாரம் ஒரே அளவு, தகைப்பும் ஒரே அளவு. இதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

வளையும் ஒரு தீராந்தியில் மேல்விளிம்பு இழுபடும், கீழ்விளிம்பு நெருக்குப்படும், நடுவில் பூச்சியம். இப்படி மாறிக்கொண்டே போகும் விகாரத்தை ஒரே அளவு மட்டும் தெரிந்த மூலகத்திடம் கேட்டால் அது என்ன செய்யும்? இல்லாத வெட்டு விகாரத்தை உண்டாக்கிச் சமாளிக்கும். அந்தப் பொய்யான வெட்டுக்கும் சக்தி செலவாகிறது, அந்தச் சக்தி முழுவதும் விறைப்பாகக் கணக்கில் ஏறுகிறது.

இரண்டாம் படி: எவ்வளவு விறைக்கிறது என்று எண்ணிலேயே பாருங்கள்

ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணிகளாக வெட்டுங்கள், புவாசோன் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற விகிதம்) பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தூய வளைவுக்கு உரிய இடப்பெயர்ச்சியை நான்கு மூலையிலும் கொடுத்துச் சக்தியைக் கணக்கிடுங்கள். உண்மையான வளைவுச் சக்தியைப் போல 4.5 மடங்கு வரும். சதுரத்துக்குப் பதிலாக நீளம் ஆழத்தைப் போல இரு மடங்கான செவ்வகம் என்றால் 9 மடங்கு. பொது விதி இது: நீளத்தை ஆழத்தால் வகுத்து, வர்க்கித்து, 1.5 ஆல் பெருக்கி, 3 ஐக் கூட்டுங்கள். இரண்டு பக்கக் கணக்கு, உயர்தரம் படித்தவர் யாரும் செய்யலாம், கட்டாயம் ஒருமுறை செய்யுங்கள்.

இப்போது தீராந்தியின் ஆழத்தைச் சதுர அடுக்குகளாகப் பிரித்தால் மிகைச்சக்தி அடுக்கு எண்ணிக்கையின் வர்க்கத்தால் குறையும். 2 அடுக்கு என்றால் உண்மையைப் போல 1.88 மடங்கு, 4 அடுக்கு என்றால் 1.22, 8 அடுக்கு என்றால் 1.05. கணுக்கள் உண்மையான இடத்திலேயே நிற்கின்றன என்று எடுத்துக்கொண்ட மேல் வரம்பு இது. மென்பொருள் கணுக்களைக் கொஞ்சம் நகர்த்தி இதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும், ஆனால் போக்கு இதுதான்.

தகைப்பு இன்னும் மோசம். அதே கணக்கில் ஒவ்வொரு முக்கோணியிலும் வரும் பொய்யான வெட்டுத் தகைப்பு, உச்ச வளைவுத் தகைப்பை அடுக்கு எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்த அளவு. 4 அடுக்குப் போட்டாலும் உச்சத்தில் எட்டில் ஒரு பங்கு. அடுத்தடுத்த முக்கோணிகளில் அது கூட்டலும் கழித்தலுமாக மாறி மாறி வரும். மென்பொருள் பெறுமானங்களைச் சராசரியாக்கி மழுப்பிக் காட்டுவதால் படத்தில் உங்களுக்கு இது தெரியாது. சராசரியாக்கலை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மூலகத்தின் பெறுமானத்தையும் தனித்தனியே பாருங்கள், கட்டம் கட்டமாக அடிக்கும்.

இங்கே ஒரு விடயம். குறைத்த தொகையிடல் (மூலகத்துக்குள் குறைந்த புள்ளிகளில் மட்டும் கணித்துக் கூட்டுவது) போட்டால் விறைப்பு நீங்கும் என்று பாடப்புத்தகங்களில் வாசித்திருப்பீர்கள். அது நாற்பக்கலுக்கு. மூன்று கணு முக்கோணியில் ஏற்கெனவே ஒரே ஒரு தொகையிடல் புள்ளிதான், குறைக்க ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: முக்கோணியின் வடிவம்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கிட்டத்தட்டச் சமபக்கமாக இருந்தால் போதும். ஒரு கோணம் சிறிதாக இருப்பதைவிட ஒரு கோணம் 180 பாகையை நெருங்குவதுதான் கூடாது, இதை 1976 இல் பபுஷ்காவும் அஸீஸும் நிறுவினார்கள். ஜிமெஷ் பயன்படுத்தும் டெலோனே முறை மிகச் சிறிய கோணத்தை முடிந்தவரை பெரிதாக்கும் வகையில் கணுக்களை இணைக்கிறது, ஆகவே பெரும்பாலும் நல்ல மெஷ்தான் வரும். பெரிய மூலகத்திலிருந்து சிறியதற்குப் படிப்படியாகப் போங்கள், திடீரென்று மாற்ற வேண்டாம்.

நான்காம் படி: ஆறு கணுவுக்கு மாறுங்கள்

என் கருத்தில் முழு வழிகாட்டியிலும் இதுதான் முக்கியமான படி. மெஷ்ஷை நுணுக்கிக்கொண்டே போவதற்கு முன்னால் மூலகத்தின் வகையை மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கணுவைச் சேர்த்தால் இடப்பெயர்ச்சி இருபடிச் சார்பாகிறது, விகாரம் முக்கோணிக்குள்ளேயே நேர்கோடாக மாறுகிறது. மேலே 4.5 மடங்கு காட்டிய அதே சதுரத்தை இரண்டு ஆறு கணு முக்கோணிகளால் செய்தால் தூய வளைவு அப்படியே சரியாக வருகிறது, ஏனென்றால் தூய வளைவின் இடப்பெயர்ச்சி இருபடியேதான். ஒரு அடுக்குப் போதும்.

உதாரணத்துக்கு ஒரு சிறு குளத்தின் கொங்கிறீட் வான் சுவரை எடுப்போம். உயரம் 4 மீற்றர், மேல் அகலம் 1 மீற்றர், அடி அகலம் 3 மீற்றர், நீர்ப்பக்கம் நிலைக்குத்து, தண்ணீர் மேல் விளிம்பு வரை. சுவர் நீளமானது, ஆகவே தள விகாரம், அதாவது நீளவாக்கில் விகாரம் இல்லை. ஜிமெஷ்ஷில் மெஷ் போட்டபின் வரிசையை 2 ஆக்கினால் நடுக்கணுக்கள் தாமே வந்துவிடும். கல்குலிக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஜிமெஷ் முக்கோணிகளைச் சிபிஎஸ்6 என்று, அதாவது மெல்லிய தகட்டுக்குரிய தளத் தகைப்பாக எழுதும். அதைத் தள விகாரத்துக்குரிய சிபிஇ6 என்று நீங்கள் கையால் மாற்ற வேண்டும். இரண்டு, எல்லைக் கோடுகளையும் கம்பி மூலகங்களாக எழுதிவிடும். அவற்றை அழிக்காவிட்டால் சுவரைச் சுற்றி இல்லாத கம்பி கட்டியதாகிவிடும், அல்லது கணக்கே ஓடாது.

அடுத்தது சுமை. புதியவர்கள் அதிகம் தடுக்குகிற இடம் இது, ஏனென்றால் ஆறு கணு முக்கோணியில் சுமை பிரிவது நம் உள்ளுணர்வுக்கு மாறானது. ஒரு பக்கத்தில் சீரான அழுத்தம் என்றால் இரண்டு மூலைக்கும் ஆறில் ஒரு பங்கு, நடுக்கணுவுக்கு ஆறில் நான்கு பங்கு. தண்ணீர் அழுத்தம் ஒரு முனையில் பூச்சியமாகத் தொடங்கி மறுமுனைக்குப் போகப் போகக் கூடினால், பூச்சிய முனைக்கு எதுவுமே இல்லை. அந்தப் பக்கத்தின் மொத்த விசையில் மூன்றில் இரண்டு பங்கு நடுக்கணுவுக்கும் மூன்றில் ஒரு பங்கு ஆழமான முனைக்கும் போகும். சுவரின் சொந்தப் பாரம் அதைவிட வியப்பு: நேர்ப்பக்க முக்கோணி என்றால் மூலைக் கணுக்கள் மூன்றுக்கும் பூச்சியம், நடுக்கணுக்கள் மூன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வீதம். மூலைகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் விளிம்போரத்தில் தகைப்பு அலையாக அடிக்கும். கல்குலிக்ஸிடம் அழுத்தமாகக் கொடுத்தால் அது தானே சரியாகப் பிரித்துக்கொள்ளும், ஆனால் பைதனில் சொந்தமாக எழுதுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நடுக்கணு பக்கத்தின் நடுவிலேயே இருக்கட்டும். வளைந்த விளிம்பில் ஜிமெஷ் அதை வளைவின்மேல் வைக்கும், அது நல்லது, ஆனால் பெரிய மூலகத்தில் கடும் வளைவு வந்தால் முக்கோணி தன்மேல் தானே மடிந்துவிடும், மென்பொருள் எதிர்க்குறி யாக்கோபியன் (பரப்பு மறையாகிவிட்டது என்று பொருள்) என்று முறையிடும். அந்த இடத்தில் மட்டும் மெஷ்ஷை நுணுக்குங்கள். நடுக்கணுவைப் பக்கத்தின் கால் பங்குத் தூரத்துக்கு வேண்டுமென்றே தள்ளிவைத்தால் மூலையில் விகாரம் முடிவிலிக்குப் போகும். வெடிப்பு முனையைக் கணக்கிட 1970களின் நடுவிலிருந்து இதையே கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். வேண்டும் என்று செய்தால் அது நல்ல உத்தி, தெரியாமல் நடந்தால் பிழை.

தொகையிடலுக்கு நேர்ப்பக்க ஆறு கணு முக்கோணியில் 3 புள்ளி போதும், விறைப்புத் தாயம் (கணு விசைகளையும் இடப்பெயர்ச்சிகளையும் இணைக்கும் எண் அட்டவணை) துல்லியமாக வரும். தகைப்பையும் அந்த உள்புள்ளிகளிலேயே வாசியுங்கள், கணுக்களுக்கு நீட்டிக் கணித்த பெறுமானத்தைவிட அவை நம்பகமானவை.

ஐந்தாம் படி: மூன்று கணுவை விட முடியாதபோது

சில வேளை மூன்று கணு முக்கோணியோடுதான் இருந்தாக வேண்டும். மோதல் கணக்கு, தொடுகைக் கணக்கு, ஏற்கெனவே யாரோ எழுதிய நிரல், இப்படிக் காரணங்கள் வரும். அப்போது விகாரத்தைப் பக்கங்களுக்கூடாகச் சராசரியாக்குங்கள். 2009 இல் ஜி. ஆர். லியூவும் அவரோடு வேலை செய்தவர்களும் முன்வைத்த முறை இது, பைதனில் எழுத மிகவும் இலகு.

ஒவ்வொரு முக்கோணியையும் அதன் மையப்போலியிலிருந்து மூலைகளுக்குக் கோடு போட்டு மூன்றாகப் பிரியுங்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கத்துக்குச் சொந்தம். இரண்டு முக்கோணிகளுக்குப் பொதுவான ஒரு பக்கத்தை எடுத்தால் அதற்கு இரு புறமும் ஒவ்வொரு துண்டு இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்த பரப்புக்கு, இரு முக்கோணிகளின் விகாரத் தாயங்களையும் பரப்பால் நிறையிட்டுச் சராசரி எடுங்கள், அதைக் கொண்டு விறைப்பைக் கூட்டுங்கள். எல்லைப் பக்கத்துக்கு அதன் ஒரே முக்கோணியின் விகாரம் அப்படியே. அவ்வளவுதான். புதிய கணு இல்லை, புதிய அறியாக் கணியம் இல்லை. கூட்டலும் கழித்தலுமாக அடித்த பொய் வெட்டு பக்கத்துக்குப் பக்கம் பெருமளவு தானே அறுபட்டுப் போகிறது. விலையாக ஒன்று மட்டும்: ஒவ்வொரு பக்கமும் நான்கு கணுக்களைத் தொடுவதால் தாயத்தில் பூச்சியமல்லாத இடங்கள் கூடும்.

பக்கத்துக்குப் பதிலாகக் கணுவைச் சுற்றிச் சராசரி எடுக்கும் முறையும் இருக்கிறது. அது மிஞ்சித் தளர்ந்துவிடும், அதிர்வுக் கணக்கில் இல்லாத அதிர்வு வடிவங்கள் வரும். தொடங்குபவர் பக்க முறையோடு நில்லுங்கள்.

ஆறாம் படி: நனைந்த களிமண்

குளக்கட்டின் களி நீரால் நிறைந்து, தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் சுமை ஏறினால் அதன் கனவளவு ஏறக்குறைய மாறாது, புவாசோன் விகிதம் 0.5 ஐ நெருங்கும். கதவு விளிம்பின் ரப்பருக்கும் அதே நிலை. இங்கே மூன்று கணு முக்கோணி முற்றாகப் பூட்டிக்கொள்ளும். காரணம் எளிது: கனவளவு மாறக்கூடாது என்றால் ஒவ்வொரு முக்கோணியின் பரப்பும் மாறக்கூடாது. இரண்டு பக்கமும் பொருத்தப்பட்ட ஒரு மூலையில் உள்ள சதுரத்தை இரண்டாக வெட்டுங்கள், அதன் ஒரே சுயாதீனக் கணுவை ஒரு முக்கோணி கிடையாக அசைய விடாது, மற்றது நிலைக்குத்தாக அசைய விடாது. அந்தக் கணு நிலைத்துவிட்டால் அடுத்த சதுரத்துக்கும் அதே கதி, இப்படியே முழு மெஷ்ஷும்.

ஒவ்வொரு நாற்பக்கலையும் இரு மூலைவிட்டத்தாலும் நான்காக வெட்டும் அமைப்பு இதைத் தளர்த்தும். அதைவிட நல்லது அழுத்தத்தைத் தனி அறியாக் கணியமாக வைப்பது. ஆறு கணுவில் இடப்பெயர்ச்சி, மூன்று மூலையில் அழுத்தம் என்பது ஒரு வழி; மூன்று கணு முக்கோணியின் நடுவில் ஒரு குமிழிச் சார்பை (நடுவில் உயர்ந்து விளிம்புகளில் பூச்சியமாகும் சார்பை) சேர்த்து மூலைகளில் அழுத்தம் வைப்பது இன்னொன்று, ‘மினி’ என்று அதற்குப் பெயர், 1984 இல் வந்தது. ஆனால் இடப்பெயர்ச்சி, அழுத்தம் இரண்டையும் குமிழி இல்லாமல் மூன்று மூலைக் கணுக்களில் மட்டும் வைத்தால் அழுத்தம் கண்டபடி அலையும், அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

ஏழாம் படி: துருசுக் கதவு போன்ற தகடுகள்

தகட்டின் வளைவு வேறு கணக்கு. கணுவுக்கு ஒரு இறக்கமும் இரண்டு சுழற்சியும் வேண்டும். மெல்லிய தகட்டுக்கு 1980 இல் பட்டோஸ், பாத், ஹோ விரிவாகச் சோதித்து முன்வைத்த டிகேடி என்ற தகட்டு முக்கோணி இன்றைக்கும் நல்ல தெரிவு. தடித்த தகடும் வந்தால் எம்ஐடிசி3 என்ற முக்கோணிக் குடும்பத்தைத் தேடுங்கள்.

சோதனைக்கு ஒரு எண். 1 மீற்றர் சதுர உருக்குத் தகடு, 10 மில்லிமீற்றர் தடிப்பு, நான்கு விளிம்பும் எளிதாகத் தாங்கப்பட்டது, 4 மீற்றர் ஆழத் தண்ணீரின் அழுத்தம், அதாவது சதுர மீற்றருக்கு 39.24 கிலோநியூட்டன், சீராக. யங்கின் மட்டு 200 கிகாபஸ்கால், புவாசோன் விகிதம் 0.3. நடு இறக்கம் 8.7 மில்லிமீற்றர் வர வேண்டும். விளிம்புகள் இறுகப் பொருத்தப்பட்டால் 2.7. உங்கள் மூலகம் இந்த இரண்டையும் தராவிட்டால் மேலே போக வேண்டாம். தந்தாலும் கவனியுங்கள், 8.7 என்பது கிட்டத்தட்டத் தகட்டின் தடிப்பே. அவ்வளவு இறங்கினால் தகடு இழுபட்டும் தாங்கத் தொடங்கும், சிறு இறக்கக் கொள்கை அங்கே செல்லாது. உண்மையான கதவுகளுக்கு விறைப்புச் சட்டங்கள் ஒட்டுவது இதனாலும்தான்.

எட்டாம் படி: நிரூபியுங்கள்

முதல் சோதனை ஒட்டுச் சோதனை, 1965 அளவில் புரூஸ் அயன்ஸ் கொண்டுவந்தது. ஒரு சதுரத்துக்குள் சில கணுக்களை ஒழுங்கில்லாமல் தூவி முக்கோணிகள் ஆக்குங்கள். வெளிக்கணுக்களுக்கு மட்டும் தூரத்தோடு நேர்கோடாக மாறும் இடப்பெயர்ச்சியைக் கொடுங்கள். உள்ளே எல்லா முக்கோணியிலும் ஒரே விகாரம் கணினித் துல்லியம் வரைக்கும் வர வேண்டும். மூன்றாம் தசமத்தில் வேறுபட்டாலும் நிரலில் பிழை இருக்கிறது. ‘கிட்டத்தட்டச் சரி’ என்பது இந்தச் சோதனையில் கிடையாது.

இரண்டாவது குக்கின் சாய்ந்த தகடு. இடது விளிம்பு 44, வலது விளிம்பு 16, கிடை நீளம் 48, வலது விளிம்பின் அடி இடதின் மேல் மூலையின் உயரத்தில். யங்கின் மட்டு 1, புவாசோன் விகிதம் மூன்றில் ஒன்று, தடிப்பு 1, தளத் தகைப்பு, இடப்பக்கம் பொருத்தி வலப்பக்கத்தில் மேல்நோக்கி மொத்தம் 1 அலகு சுமை. வலது விளிம்பின் நடு ஏறக்குறைய 23.9 உயர வேண்டும். மூன்று கணு, பக்கச் சராசரி, ஆறு கணு மூன்றையும் ஒரே மெஷ்ஷில் ஓட்டி எழுதி வையுங்கள். எந்த விளக்கத்தையும்விட அந்த மூன்று எண் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பிறகு உங்கள் சொந்தச் சுவர். மென்பொருள் தரும் மொத்த மறுதாக்கத்தைக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். நம் உதாரணத்தில் தண்ணீர் தள்ளுவது ஒரு மீற்றர் நீளத்துக்கு 78.5 கிலோநியூட்டன், கொங்கிறீட் கன மீற்றருக்கு 24 கிலோநியூட்டன் என்றால் சுவரின் பாரம் 192. அடியிலிருந்து மேலெழும் நீரழுத்தத்தை விட்டுவிட்டால், சாதாரண வளைவுச் சூத்திரப்படி அடியில் நீர்ப்பக்க நெருக்கல் 47.6 கிலோபஸ்கால், மறுபக்கம் 80.4. மறுதாக்கம் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். தகைப்பு, குட்டையான சுவர் என்பதால், பருமட்டாகப் பொருந்தினால் சரி.

மூலக அளவைப் பாதி பாதியாக்கி மூன்று மெஷ் ஓட்டுங்கள். அடுத்தடுத்த விகாரச் சக்திகளின் வித்தியாசம், மழுமழுப்பான வடிவத்தில் மூன்று கணுவுக்கு ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றாகவும் ஆறு கணுவுக்குப் பதினாறில் ஒன்றாகவும் குறையும். இறுகப் பொருத்திய அடி மூலைகள் உள்ள சுவரில் அந்த வேகம் வராது, அது உங்கள் பிழை அல்ல. அந்த மூலைகளில் தகைப்பு மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஏறிக்கொண்டே போகும், ஒருபோதும் நிற்காது. அடித்தளத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து மெஷ் போட்டால் நிலைமை கொஞ்சம் நல்லாகும், ஆனாலும் மூலைப் புள்ளியின் எண்ணை அறிக்கையில் எழுத வேண்டாம். மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி வாசித்தீர்கள், எந்த வகை முக்கோணி, மூன்று மெஷ்ஷிலும் அந்த இடத்தில் என்ன வந்தது, இவற்றை எழுதுங்கள்.